மங்கையர்க்கரசி பூட்டிய கூடை

இருதயராஜ் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், காலையிலிருந்து இது நாலாவது தடவை, மங்கையர்க்கரசி எண்ணிக்கொண்டுதான் இருந்தாள், துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு வழி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், அது முதல் நாளே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது, பிடிபட்டதிலிருந்து அந்தக் கண்ணாடி மூக்கை விட்டு இறங்கும்போதெல்லாம் அவள் வயிற்றுக்குள் யாரோ பட்டாசுத் திரியைக் கிள்ளிப் பற்றவைக்கிற மாதிரி இருந்தது. முகத்தில் காட்டக்கூடாது. மூன்று நாளாக இந்த மனுஷர் அவள் எழுதிய கடைக்குள் திருடனைப் போல நுழையப் பார்க்கிறார், அதற்கென்றே திருச்சியிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள், ஐம்பது வயசு, ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பி, பேசினால் குரலே எழும்பாது, பார்த்தால் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்றுதான் சொல்வார்கள், இவரா பெரிய பெரிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பூட்டுகளை உடைத்துப் பார்த்து ஓட்டை எங்கே என்று எழுதித் தருகிறவர், ஆமாம், இவர்தான். இன்று கடைசி நாள். மதியம் ஒரு மணியோடு சோதனை முடிகிறது. இப்போது பத்து நாற்பது. அதுவரை அவள் எதையும் தொடக்கூடாது என்பது ஏற்பாடு, ஓட்டை கண்ணில் பட்டதும் ஓடிப்போய் அடைத்துவிடக்கூடாதல்லவா, அவளுடைய லேப்டாப்பை முதலாளி நளினா வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் போட்டு மூடிவிட்டாள், அதனால் இருபது வருஷமாக ஓயாமல் தட்டிப் பழகிய விரல்கள் வேலையில்லாமல் பார்சல் டேப்பின் நுனியைத் தேடித் தேடி உரித்துக்கொண்டிருந்தன. கீழே பம்ப்செட் உதிரிபாகக் கடையில் யாரோ இரும்பை இரும்பால் தட்டினார்கள். தட்டட்டும். மேலே ஒருத்தர் தட்டுகிறார், கீழே ஒருத்தர் தட்டுகிறார், திறக்கவில்லையே, இன்னும் திறக்கவில்லையே.

கடை என்றால் கண்ணாடி அலமாரி வைத்த கடை இல்லை, ஃபோனில் திறக்கிற கடை. மார்பில் புற்று வந்து அறுவை செய்துகொண்ட பெண்களுக்கான உள்ளாடை, எடுத்துவிட்ட பக்கத்தில் வைத்துக்கொள்ள மெத்தென்ற திண்டு, அவ்வளவுதான் சரக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திய நளினா, தன் சித்தி வெறும் துண்டைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு கல்யாண வீட்டில் நின்றதையும் அது நழுவியதையும் பார்த்துவிட்டு வந்து தொடங்கியது. இரண்டு வருஷத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் பேர் வாங்கியிருக்கிறார்கள், ஒன்பதாயிரம், கணபதி பஸ் ஸ்டாப்பில் நிற்க வைத்தால் சரவணம்பட்டி வரைக்கும் வரிசை போகும், டீச்சர்கள் இருப்பார்கள், மில்லுக்குப் போகிறவர்கள், பேத்தி எடுத்தவர்கள், இன்னும் கல்யாணமே ஆகாதவர்கள், ஒவ்வொருத்தியும் யாரோ சிலரிடம் சொல்லியிருப்பாள், யாரோ சிலரிடம் சொல்லியிருக்க மாட்டாள், அந்தக் கணக்கு அவளவள் மனசுக்குள் இருக்கிற கணக்கு. ஆனால் கார்ட்டுக்குத் தெரியும். வாங்குகிற பொருளைப் போட்டுவைக்கிற அந்தக் கூடைக்கு எல்லாம் தெரியும், யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, கூடை என்றால் பொருள் மட்டும்தான் விழும் என்று நினைக்கிறார்கள். எந்த அளவைத் தொட்டாள், எதன் முன்னால் நாலு நிமிஷம் நின்றாள், இடதா வலதா, எந்த ஊரிலிருந்து, எந்த ஃபோனிலிருந்து, நம்பரை அடித்துவிட்டுப் பயந்து அழித்தாளே, அழிப்பதற்கு முன்னால் அடித்த அந்த நம்பர், அதுகூட விழும். வாங்காமல் போனாலும் விழுந்தது விழுந்ததுதான். மங்கையர்க்கரசிக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மறுநாள், ஹாலில் எல்லாரும் இருந்தார்கள், நாத்தனார் பிரேமா முறுக்குத் தட்டோடு சோபாவில், மாமியார் டிவி முன்னால், மகள் சம்யுக்தா மூலையிலிருந்த கம்ப்யூட்டரில் கோள்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ தேடிக்கொண்டிருந்தாள், ஏழாம் வகுப்பு. அறுவை முடிந்து ஆறு வாரம். வீட்டில் எல்லாருக்கும் சொல்லியிருந்தது வேறே, கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள், சாதாரணக் கட்டி. முழுசாகத் தெரிந்தது அவள் புருஷன் சதாசிவத்துக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு அவளே சொல்வதாக இருந்தாள், பொங்கல் கழியட்டும், குழந்தைக்குப் பரீட்சை முடியட்டும், எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஒருநாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதே கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு கடையைத் திறந்து, ஒரு திண்டைக் கூடையில் போட்டாள், விலையைப் பார்த்தாள், வெளியே எடுத்துவிட்டாள், மூடிவிட்டாள். வாங்கக்கூட இல்லை. அது போதுமாக இருந்தது. சனிக்கிரகத்தின் வளையங்களுக்குப் பக்கத்தில் அந்தப் படம் வந்து நின்றது, உங்கள் கூடை உங்களுக்காகக் காத்திருக்கிறது, இடது பக்கம். குழந்தை சத்தம்போட்டுப் படித்தாள். "அம்மா, செயற்கை மார்பகம்னா என்னம்மா? இது நம்ம கூடைன்னு போட்டிருக்கு." முறுக்குக் கடிக்கிற சத்தம் நின்றது. பிரேமாவின் கண் முதலில் திரைக்குப் போயிற்று, பிறகு மெதுவாக, தன்னையும் மீறித்தான், பாவம் அவளைச் சொல்லிக் குற்றமில்லை, மங்கையர்க்கரசியின் முந்தானைக்கு வந்தது, இடது பக்கத்துக்கு வந்தது, நின்றது. அந்தப் பார்வையை அவள் இன்றைக்கும் அந்த இடத்தில் உணர்வாள், தையல் போட்ட இடம் எப்போதோ மரத்துப்போய்விட்டது, பார்வை பட்ட இடம் மரக்கவில்லை. நோய் வந்ததற்கு அழவில்லை, எடுத்ததற்கு அழவில்லை, அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். சொல்ல வேண்டியவள் நான். என் வாயால், என் நேரத்தில், என் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அதை எவனோ பெயர் தெரியாதவன் விளம்பரத்துக்கு விற்றுவிட்டான்.

"மேடம், இந்தக் கார்ட்டுக்கு நம்பர் போடலையா?" என்றார் இருதயராஜ் சார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "போட்டிருக்கேனே சார். நீளமா இருக்கும்." "நீளமாத்தான் இருக்கு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் சம்பந்தமே இல்லையே." "இல்லை சார்." அவ்வளவுதான் சொன்னாள், மிச்சத்தை உள்ளேயே சொல்லிக்கொண்டாள், இல்லை சார், இருக்காது சார், பழைய சாஃப்ட்வேரில் இருந்தது, ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு என்று வரிசையாக, மேலே அட்ரஸ் பட்டையில் ஒரு எண்ணை மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரியின் கூடைக்குள் எட்டிப் பார்க்கலாம், கதவில்லாத குளியலறை மாதிரி, தனக்கு வாங்க வந்தவளாகத்தான் நளினாவுக்குப் பழக்கமானாள், அந்த ஓட்டையைப் பார்த்த அன்றைக்கே அவளிடம் சொன்னாள், அக்கா இது கடையே இல்லை, இது தெருவில் விரித்த பாய், இதை நான் மறுபடியும் முதலிலிருந்து எழுதுகிறேன். நளினா அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "துணியை நான் பாத்துக்கறேன், கதவை நீ பாத்துக்க அரசி." பம்ப் கம்பெனியில் பில் போடுகிற சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். ஐந்து மாசம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வி, இது எனக்கு வேண்டுமா, வேண்டாமென்றால் ஏன் வாங்கி வைக்கிறேன், இல்லாத வீட்டில் திருடன் எதை எடுப்பான். ஆர்டர் என்று அழுத்துகிறவரை ஃபோன் நம்பர் அந்தப் பெண்ணின் ஃபோனைத் தாண்டி வராது. வாங்காமல் விட்ட கூடை ஏழு நாளில் தானாகக் கரைந்துவிடும். விளம்பரக்காரர்கள் ஒட்டிவைக்கிற உளவுத் துண்டு ஒன்றுகூடக் கிடையாது. பெயரும் முகவரியும் ஒரு பெட்டியில், அளவும் பக்கமும் வேறொரு பெட்டியில், இரண்டையும் சேர்க்கிற சாவி மூன்றாவது இடத்தில். கார்டு நம்பர் அவர்களிடம் வரவே வராது, பாங்கு வாங்கிக்கொண்டு ஒரு டோக்கன் தரும், மருதமலையில் செருப்பு விடுகிற இடத்தில் தருகிற டோக்கன் மாதிரி, அதைத் திருடிக்கொண்டு போய் ஒருத்தன் என்ன செய்வான், யாருடைய செருப்பு என்றுகூட அவனுக்குத் தெரியாது. பார்சலின் மேல் அனுப்புநர் என்.பி. டிரேடர்ஸ். பிரவுன் அட்டைப் பெட்டி. உள்ளே பம்ப்செட் வாஷர் இருக்கிறது என்றால்கூட நம்பலாம். ஐந்தாவது தடவையாகக் கண்ணாடி இறங்கியது. ஐந்து! எழுந்து நின்று கை தட்ட வேண்டும் போலிருந்தது, டேப்பை ஒரு முழம் உரித்துவிட்டாள், மறுபடி சுற்றினாள், சுருக்கம் விழுந்தது.

அப்போதுதான் அது வந்தது. பழைய நகல். எங்கிருந்து வந்தது, ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை, பழைய சாஃப்ட்வேரை எடுத்தபோது அதிலிருந்ததையெல்லாம் ஒரு ஃபைலாக எடுத்துச் சர்வரில் ஒரு மூலையில் வைத்திருந்தாளே, புதுசு ஓடத் தொடங்கியபின் அழித்துவிடலாம் என்று. அழித்தாளா? அழித்தாள். போன வியாழக்கிழமை சாயங்காலம். நிச்சயமாக அழித்தாள், உட்கார்ந்து செய்தாள், முதலில் பூட்டு, பிறகு சாவியை ஒழி, பிறகு ஃபைலை அழி, தாளில் மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு செய்தாள். மழை பிடித்தது. சம்யுக்தா ஃபோன் பண்ணினாள், டியூஷன் வாசலில் நிற்கிறேன், குடை இல்லை. இதோ வருகிறேன் என்று எழுந்தாள். திரை கேட்டது, நிச்சயமாகவா, ஆம், இல்லை. ஆம் என்று அழுத்தினாள், அந்த அழுத்தல் விரலில் நினைவிருக்கிறது, வண்டிச் சாவியை எடுத்தாள், படியில் தண்ணீர், செருப்பு வழுக்கியது. ஆம். எதற்கு ஆம்? பூட்டுவதற்கா, சாவியை ஒழிப்பதற்கா, அழிப்பதற்கா. எதற்குச் சொன்ன ஆம் அது. மூன்றுக்கும்தான் கேட்கும், ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வியைத்தான் கேட்கும், நிச்சயமாகவா. நிச்சயமாகவா. எழுதின தாளைக் கசக்கிப் போட்டாளே, எல்லாம் முடிந்ததனால்தானே கசக்கினாள், இல்லை, மழையில் நனைந்த கையைத் துடைத்தது அந்தத் தாளில்தான், திரும்பி வந்தபின். அந்தப் பழைய ஃபைலில் எல்லாம் அப்படியே இருக்கும், பெயர், ஊர், தெரு, ஃபோன், இடது, வலது, பட்டியல் போட்டதுபோல, முதல் ஐயாயிரம் பேர். ஐயாயிரம் ஹால்கள். ஐயாயிரம் முறுக்குத் தட்டுகள். நளினாவின் இழுப்பறை இரண்டடி தள்ளி இருந்தது. லேப்டாப்பை எடுத்துத் திறந்தால் ஒரு நொடி வேலை. எடுக்கக்கூடாது. எடுத்தால் ஜெயித்தாலும் அது ஜெயிப்பில்லை, நாளைக்கு நிஜத் திருடன் வரும்போது அவளை எழுப்பிச் சொல்லிவிட்டா வருவான். கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள், பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரி.

இருதயராஜ் சார் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஃபோனை எடுத்தார். வீட்டுக்குப் பேசப் போகிறார் என்று நினைத்தாள். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பார்சல் கட்டுகிற அறையில், கஸ்டமர் ஃபோன் அடித்தது. செல்வநாயகி எடுத்தாள். செல்வநாயகிதான் பார்சலும் கட்டுவாள், ஃபோனும் எடுப்பாள், நாற்பத்தெட்டு வயசு, பத்தாவது வரைக்கும் படிப்பு, சோதனை நடப்பது தெரியும், ஆனால் இதுவும் சோதனைதான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லக்கூடாது. மங்கையர்க்கரசி தலையைத் தூக்கினாள். ஏனென்றால் அந்த அமைதியான மனுஷரின் வாயிலிருந்து வந்தது வேறு ஆளுடைய குரல், தடுப்பைத் தாண்டாத அளவுக்கு அடக்கிய, ஆனால் தடித்த, அவசரமான, பணிய வைத்தே பழகிய குரல்.

"ஹலோ, யாருங்க பேசறது? என் ஒய்ஃப் உங்க கடையில ஏதோ ஆர்டர் போட்டிருக்கா. நம்பர் சொல்றேன். என்ன பொருள், எந்த அட்ரஸுக்குப் போகுதுன்னு சொல்லுங்க."

"பார்சல் அனுப்பிச்சாச்சான்னு வேணா பாத்துச் சொல்றேனுங்க. மத்தது சொல்றதுக்கில்லீங்க."

"ஏம்மா, என் கார்டுல போட்டது. என் பணம். எனக்குச் சொல்ல மாட்டியா?"

"உங்க சம்சாரத்துகிட்டயே கேட்டுக்கங்க."

"அவ சொல்ல மாட்டேங்கறா, அதனாலதானே உன்னைக் கேக்கறேன்!"

இந்தப் பக்கமும் கேட்டது, அந்தப் பக்கமும் கேட்டது, இரண்டு குரலுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். செல்வநாயகியின் பக்கத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு நிதானமாக, கோபமே இல்லாமல், "அவிய சொல்லலீன்னா, சொல்ல வேண்டாம்னு நெனச்சிருக்காங்கன்னு அர்த்தமுங்க. அவிய சொல்லாததைச் சொல்றதுக்கு நான் யாருங்க?"

"நான் போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்!"

"தாராளமா குடுங்க. ஸ்டேஷன்ல இருந்து எழுதிக் கேக்கட்டும், முதலாளியம்மா பதில் எழுதுவாங்க. வேற ஏதாச்சும் வேணுங்களா? நம்மகிட்டப் பார்சல் காத்துக்கெடக்குது."

வைத்துவிட்டாள். டேப் கிழிகிற சத்தம் கேட்டது, ஒரே இழுப்பு, சர்ரென்று. மங்கையர்க்கரசிக்குக் கண்ணில் நீர் தளும்பிவிட்டது, அட செல்வநாயகி, என் தங்கமே, உன் திரையில் பொருளின் பெயர் வராத மாதிரிதான் நான் எழுதியிருக்கிறேன், நீ நினைத்தாலும் சொல்லியிருக்க முடியாது, ஆனால் நீ அதைச் சாக்காகச் சொல்லவில்லையே, எனக்குத் தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாமே, சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னாய், இந்த ஒரு பூட்டை நான் எழுதவில்லை, இது தானாக விழுந்த பூட்டு. இருதயராஜ் சார் ஃபோனை மேஜைமேல் வைத்தார், தன் பழைய குரலுக்குத் திரும்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, ஒரு வாய் சுக்குக் காப்பி குடித்தார். "பெரிய பெரிய எடத்துல இந்த ஒரு ஃபோன்லயே பாதி வேலை முடிஞ்சிரும் மேடம்" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். ஆறு.

மணி பன்னிரண்டு. பன்னிரண்டு பத்து. கீழே தட்டுவதை நிறுத்திவிட்டார்கள், சாப்பாட்டு நேரம். ஒரு மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா கூப்பிடுவார்கள், சோதனையில் தேறினால் இனிமேல் அங்கே அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் கையிலும் இந்தக் கடையின் பெயர் எழுதிய சீட்டைக் கொடுப்பார்கள், தேறாவிட்டால் கொடுக்க மாட்டார்கள், டாக்டரம்மா சொன்னது நியாயம்தான், என் நோயாளிகளின் பெயர் ஒன்று வெளியே போனால் நான் யாருக்குப் பதில் சொல்வேன் என்றார். யாருக்குப் பதில் சொல்வேன். எதற்குச் சொன்ன ஆம். மழை, படி, செருப்பு, குடை. ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது வருகிற பயம் தோற்கும்போது வருகிற பயத்தைவிடப் பெரிசு, இழப்பதற்கு நிறையச் சேர்ந்துவிடுகிறது. மார்பைச் சோதித்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயம் இல்லை, அன்றைக்கு ஒருத்திதான், இன்றைக்கு ஐயாயிரம் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறாள், பெயர் கூப்பிடுகிறவரை. நளினா உள்ளே வந்தாள், கையில் தயிர்ச்சாத டப்பா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருதயராஜ் சார் தட்டுவதை நிறுத்தினார். கண்ணாடி இறங்கவில்லை. அதற்குப் பதிலாக அவர் திரைக்குப் பக்கமாகக் குனிந்தார், முதுகு வளைந்து, பூனை குனிகிற மாதிரி, அந்தக் குனிவை அவள் இந்த மூன்று நாளில் பார்த்ததே இல்லை.

"மேடம், பழைய சாஃப்ட்வேருக்கு ஒரு அட்மின் பக்கம் இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

"அது இன்னும் இருக்கு. பாஸ்வேர்டு மாத்தாம." சொல்லிவிட்டுத் தட்டினார். "உள்ள ஒரு ஃபோல்டர். ஒரே ஒரு ஃபைல். பெரிய ஃபைல்."

அழிக்கவில்லை. அப்படியானால் அந்த ஆம் அழிப்பதற்குச் சொன்ன ஆம் இல்லை. இருக்கிறது, ஐயாயிரம் பேரும் அதில் இருக்கிறார்கள், தெருப்பெயரோடு இருக்கிறார்கள். நளினாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது, சூடாக, ஊறுகாய் வாசனையோடு. மங்கையர்க்கரசிக்குக் காதுக்குள் கடல் மாதிரி இரைந்தது, அந்த இரைச்சலுக்கு நடுவில் அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள், பூட்டு முதலில், சாவி இரண்டாவது, அழிப்பது மூன்றாவது, வரிசை அது, வரிசையை அவள் எப்போதும் மாற்ற மாட்டாள், பம்ப் கம்பெனியில் மாற்றி ஒரு தடவை பட்டது போதும், மூன்றாவது நடக்கவில்லை என்றால் கடைசியாகச் சொன்ன ஆம் இரண்டாவதற்கோ முதலாவதற்கோ. முதலாவதற்கு என்றால் பூட்டியிருக்கும், ஆனால் சாவி பக்கத்திலேயே கிடக்கும், திறந்துவிடுவார். இரண்டாவதற்கு என்றால். இரண்டாவதற்கு என்றால். அவர் தேடினார். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் அவள் என்னென்னவோ நினைத்தாள், எதுவும் வரிசையாக இல்லை, சனிக்கிரகத்துக்கு எத்தனை வளையம், சம்யுக்தாவுக்குச் சீருடை தைக்கக் கொடுத்தது, மயக்க மருந்து ஏறும்போது ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார்கள், ஆறு வரைதான் எண்ணினாள், ஆறு, அந்த அறையில் விளக்கு எவ்வளவு வெள்ளையாக இருந்தது, செல்வநாயகிக்கு இந்தத் தீபாவளிக்குப் பட்டுப்புடவை எடுக்க வேண்டும், டேப் தீர்ந்துவிட்டது, அட்டைக் குழாய்தான் கையில் இருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இருதயராஜ் சார் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டார்.

"உள்ள போயிட்டேன் மேடம். ஃபைலையும் எடுத்துட்டேன். பிரிச்சா வெறும் கிறுக்கல். பூட்டியிருக்கு. சாவி எங்கேயுமே இல்ல, சர்வர்ல இல்ல, பேக்கப்ல இல்ல, எங்கேயும் இல்ல. சாவியை என்ன பண்ணினீங்க?"

"ஒழிச்சுட்டேன் சார்."

"அப்போ அதை நீங்களே திறக்க முடியாதே?"

"யாராலயும் முடியாது சார்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய, கணக்கு வாத்தியார் நூற்றுக்கு நூறு போடுகிற சிரிப்பு இல்லை, நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போடுகிறவர் சிரிப்பு. "அந்த அட்மின் பக்கத்தையும் ஃபைலையும் இன்னைக்கே எடுத்துருங்க. அதை ரிப்போர்ட்ல எழுதத்தான் செய்வேன், குறைதான் அது. ஆனா மூணு நாள்ல ஒரு பொம்பளையோட பேர் என் கையில கிடைக்கல. ஒண்ணுகூட. அதையும் எழுதுவேன்." நளினா தயிர்ச்சாத டப்பாவை மேஜையில் டொக்கென்று வைத்துவிட்டு ஃபோனோடு வெளியே ஓடினாள், படிக்கட்டிலிருந்தே அவள் குரல் கேட்டது, டாக்டரம்மா, பாஸ், பாஸ் பண்ணிட்டோம், ஒரு பேர்கூடக் கிடைக்கலைன்னு சொல்லிட்டார், செல்வநாயகி தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, போலீஸ்ல குடுப்பேன்னு கத்துனவரு இவருதானுங்களா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அவர் எழுந்து நின்று அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார். மங்கையர்க்கரசி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெயில் அடித்தது. கணபதி ஏரியா முழுக்க ஹாரன் சத்தம், பஸ், லாரி, ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது, அதுதான் சந்தோஷம், ஒன்பதாயிரம் பெண்கள் இந்த நிமிஷம் சோறு வடித்துக்கொண்டும் பாடம் எடுத்துக்கொண்டும் தறி ஓட்டிக்கொண்டும் இருக்கிறார்கள், இந்த மூன்று நாள் ஒருத்தர் அவர்களுடைய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார் என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதில்லை. ஜெயித்தேன். சத்தமில்லாத ஜெயிப்பு, கோப்பை இல்லை, மாலை இல்லை, யாருடைய வீட்டு ஹாலிலும் எதுவும் நடக்காமல் இருப்பதுதான் பரிசு, ஆனால் உடம்பு முழுக்க ஓடுகிறது, கால் விரல்வரை.

இருதயராஜ் சார் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு மணிக்குத்தான் ரயில். இனிமேல் ஒருவேளை பார்க்கவே மாட்டோம் என்று நினைத்தாள், முன்பின் தெரியாத ஆள், அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் எதுவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. எந்தத் திட்டமும் இல்லாமல் வாய் திறந்தது, குளியலறையில் அடுக்கிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் தேவைப்படவில்லை.

"சார், அந்தப் பட்டியல்ல முதல் பேர் என்னோடது. இடது பக்கம். நாலு வருஷமாச்சு."

மூடியைத் திருகிய கை நின்றது. அவர் பார்வை எங்கும் இறங்கவில்லை, அவள் முகத்திலேயே நின்றது. தன் பழைய மெல்லிய குரலில், "இதை நான் ரிப்போர்ட்ல எழுத மாட்டேன் மேடம்" என்றார்.

"எழுதுங்க சார்" என்று சிரித்தாள் மங்கையர்க்கரசி. "இது நானே சொன்னதுதானே."